தோட்டத்துப் பொங்கலும் தேவாலயமும்: ஒரு விமர்சன நோக்கு

ஒரு பண்டிகையின் பொருளை அறிய விரும்புவோர் முதலில் அதன் தோற்றத்தை வினாவுவது வழக்கம். எங்கே தோன்றியது, எத்தெய்வத்தின் பொருட்டுத் தோன்றியது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்னும் வினாக்கள் ஆய்வுக்கு இன்றியமையாதனவே. ஆயினும் தோற்றத்தை அறிந்த அளவிலேயே பண்டிகையையும் அறிந்துவிட்டதாகக் கொள்ளும் போக்கு ஆய்வுலகிலும் சமய உலகிலும் ஒருங்கே காணப்படுகின்றது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் கிறிஸ்தவர்கள் தைப்பொங்கல் கொண்டாடுவது பற்றி நிகழும் விவாதம் இப்போக்கிற்குத் தக்க சான்றாகும்.

ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் தை முதல் நாட் காலையில் மூன்று வகையான காட்சிகளைக் காணலாம். லயத்தின் ஒரு காம்பராவில் வாழும் சைவக் குடும்பம் இஸ்தோப்பின் முன்னே கோலமிட்டு ஞாயிற்றுக்குப் பொங்கற் பானை வைக்கின்றது. அடுத்த காம்பராவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பம், பொங்கலும் திருப்பலியும் ஒருங்கே நடைபெறும் ஆலய வளவுக்குச் செல்கின்றது. அதற்கடுத்த காம்பராவில், அண்மைக் காலத்தில் சுயாதீன சபையொன்றிற் சேர்ந்த குடும்பம் பானை வைப்பதில்லை. அயல்வீட்டிலிருந்து வரும் பொங்கலையும் ஏற்பதில்லை. சூரிய வழிபாட்டிற் பிறந்த பண்டிகை கிறிஸ்தவருக்கு ஆகுமா என்னும் வினா இங்கு ஏட்டளவில் நிற்பதன்று. ஒரே பீலியில் நீரெடுத்து, ஒரே மலையிற் கொழுந்தெடுக்கும் மூன்று குடும்பங்களின் உறவைத் தொடும் வினா அது.

இவ்வினாவுக்கு இரு விடைகள் கூறப்படுகின்றன. புறச்சமயத் தோற்றமுடையது ஆதலின் விலக்கற்பாலது என்பது ஒன்று. சமயம் கடந்த உழவர் நன்றித் திருநாள் ஆதலின் ஏற்கற்பாலது என்பது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன போலத் தோன்றினும், இரண்டும் பண்டிகையின் தோற்றத்தையே அளவுகோலாகக் கொள்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் இப்பண்டிகை எவ்வாறு வாழ்கின்றது என்பதை இரண்டுமே போதிய அளவு நோக்கவில்லை என்பதே ஈண்டு நிறுவப்படுவது.

தோட்டத்துக் கிறிஸ்தவர் எவ்வாறு தோன்றினர் என்பதை முதலில் நினைவு கூர்தல் வேண்டும். கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்திலேயே தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் வழியே தொழிலாளர் இங்குக் கொணரப்பட்டனர். அவர்களுட் சிலர் புறப்படும்போதே கத்தோலிக்கராகவும் புரட்டஸ்தாந்தராகவும் இருந்தனர். வேறு சிலரை 1854ஆம் ஆண்டிலே சேர்ச் மிஷன் சங்கத்தார் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ போன்ற அமைப்புகள் தோட்டங்களிலேயே மதமாற்றின. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டதும், 1869இன் பின் இலைநோயாற் கோப்பி அழிந்ததும் மலைகளின் பயிரை மாற்றின. லயத்து வாழ்வை மாற்றவில்லை. துரைமாருக்கெனக் கட்டப்பட்ட தேவாலயங்களின் கற்சுவர்கள் இன்றும் தேயிலை மலைகளிடையே நிற்கின்றன. 1878இல் எழுந்த டிக்கோயா வோர்லி தேவாலயம் அவற்றுளொன்று. அவ்வாலயத்துத் துரைக்கும் லயத்துக் கிறிஸ்தவனுக்கும் வேதம் ஒன்றாக இருந்திருக்கலாம். வாழ்வு ஒன்றாக இருக்கவில்லை. லயத்துக் கிறிஸ்தவனின் வாழ்வு அயற்காம்பராச் சைவனின் வாழ்வேயாகும். உறவுமுறையும் உணவும், பிறப்பு இறப்புச் சடங்குகளிற் பலவும் இருவர்க்கும் பொதுவாயிருந்தன. பொங்கலும் அவ்வாறு பொதுவாயிருந்ததொன்று.

விலக்குவோர் வாதத்தை இனி நோக்கலாம். ஒரு நாள் புறச்சமயத்தாருக்கு உரியதாயிருந்தமையின் அது கிறிஸ்தவருக்கு ஆகாது என்பது விதியாயின், அவ்விதியின் முன் முதலில் நிறுத்தப்படவேண்டியது கிறிஸ்மஸ் பண்டிகையே. கிறிஸ்துவின் பிறந்த நாளை விவிலியம் கூறவில்லை. டிசம்பர் 25ஐ அந்நாளாகக் குறிக்கும் பழைய ஆவணங்களுள் முதன்மையானது 354ஆம் ஆண்டைச் சார்ந்த உரோமைக் காலக்குறிப்பாகும். அதே தொகுப்பிலே அந்நாள் ‘வெல்லப்படாதவனின் பிறந்தநாள்’ எனவும் குறிக்கப்பட்டுள்ளது. வெல்லப்படாத ஞாயிற்றுக்கு உரோமையிற் கோயிலெடுத்து அவ்வழிபாட்டை 274இல் அரசுநிலைக்கு உயர்த்தியவன் அவுரேலியன் என்னும் பேரரசன். சூரிய விழாவைத் திருச்சபை தனதாக்கிக்கொண்டது என்பர் ஒருசாரார். மார்ச் 25இல் கிறிஸ்து கருவுற்றார் என்னும் கணிப்பிலிருந்து ஒன்பது மாதம் எண்ணி இந்நாள் பெறப்பட்டது என்பர் மற்றொரு சாரார். இவ்விவாதம் முடியவில்லை. எனினும் ஒன்று தெளிவு. உரோமர் நாட்காட்டியில் டிசம்பர் 25 ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்பும் நாளாகக் கொள்ளப்பட்டது. அந்நாளிற் பிறந்தவரை ‘நீதியின் சூரியன்’ எனப் போற்றுவது ஆதித் திருச்சபைக்கு இயல்பாயிருந்தது. ஐந்தாம் நூற்றாண்டிலே பாப்பரசர் முதலாம் லியோ, புனித பேதுரு பேராலயப் படிகளில் ஏறிய கிறிஸ்தவர் திரும்பி நின்று உதயசூரியனை வணங்குவதைத் தம் கிறிஸ்மஸ் பிரசங்கமொன்றிலே கடிந்துரைத்துள்ளார். பண்டிகையை அவர் கைவிடவில்லை. பிழையை மட்டுமே கண்டித்தார்.

தைப்பொங்கல் நாளும் இதனை ஒத்ததே. ஞாயிறு மகர இராசியிற் புகும் நாள் அது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாளும் உத்தராயணத் தொடக்கமும் ஒன்றாயிருந்தன. பின்னர் அயன சலனத்தால் அவை விலகி, இன்று பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வருகின்றது. ஆகவே, ஞாயிற்றின் ஒரே திருப்பத்தை உரோமர் ஒரு கணக்காலும் தமிழர் மற்றொரு கணக்காலும் குறித்தனர். உரோமர் நாளை ஆண்டவருக்கு உரித்தாக்கியவர் தமிழர் நாளை அஞ்ஞானமெனத் தள்ளுவதற்கு நாட்கணக்கிலே நியாயமில்லை.

புரட்டஸ்தாந்த ஆலயங்களில் நிகழும் அறுப்பின் பண்டிகை இன்னொரு சான்று. இன்றைய வடிவில் அவ்வாராதனை, 1843இல் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலுள்ள மோர்வென்ஸ்டோ என்னும் ஊரிலே ஹோக்கர் என்ற குருவானவர் தொடங்கியதைத் தொடர்ந்து பரவியது. அதற்கு முன்னரே ஆங்கிலேயக் கிராமங்களில் அறுவடைக் களியாட்டங்கள் வழக்கிலிருந்தன. இலண்டன் வழியாக வந்த அறுவடை விழா ஆலயத்துள் இடம்பெற, அயற்காம்பராவிலிருந்து வரும் அறுவடை விழா வாசலிலே தடுக்கப்படுகின்றது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தோற்றமன்று; தூரமே. ஐரோப்பியப் புறச்சமயம் மறைந்தொழிந்தமையின் அச்சந்தருவதில்லை. சைவமோ உயிரோடிருக்கின்றது, அடுத்த காம்பராவில் இருக்கின்றது.

எனினும் விலக்குவோரை அறியாமையாளர் எனத் தள்ளிவிடுதல் நேர்மையான விமர்சனமாகாது. விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்ட உணவைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய பவுல், அவ்விக்கிரகம் ஒன்றுமில்லை என்பதை ஒப்புக்கொண்டபோதும், பலவீனமான சகோதரனின் மனச்சாட்சியைப் பொருட்படுத்துமாறு கேட்டார். தோட்டங்களில் இச்சபைகளிற் சேர்ந்தோருட் பலர் குடியாலும் கடனாலும் சாமிக்குற்றம் பற்றிய அச்சத்தாலும் அலைக்கழிக்கப்பட்டவர்கள். பழைய வாழ்விலிருந்து தாம் மீண்டதை அவர்கள் தமக்கும் பிறர்க்கும் உணர்த்தும் அடையாளம் இவ்விலக்கேயாகும். அவ்வடையாளத்தை எள்ளுவது எளிது. அதற்கு ஈடாக வேறெதனையும் வழங்குவது எளிதன்று. ஆயின் பவுலின் அக்கறை சகோதரனைப் பற்றியது என்பதும் மறக்கற்பாலதன்று. அயலவள் அன்போடு நீட்டும் தட்டை மறுப்பதால் அவளுடைய மனம் அடையும் நோவும் அவ்வக்கறைக்கு உட்பட்டதே.

ஏற்போர் வாதம் நீண்ட மரபுடையது. 601ஆம் ஆண்டிலே பாப்பரசர் மகா கிரகோரியார், பிரித்தானியாவுக்குச் சென்றுகொண்டிருந்த மெல்லித்துஸ் என்னும் துறவிக்கு எழுதிய கடிதத்தில், விக்கிரகங்களை அழித்துக் கோயில்களை அழியாது விடுமாறும், மக்களின் பழைய விருந்துகளை இரத்தசாட்சிகளின் திருநாட்களுக்கு மாற்றுமாறும் பணித்தார். தமிழ்மண்ணில் இக்கொள்கைக்கு உருக்கொடுத்தவர் 1606இல் மதுரைக்கு வந்த ரொபேர்ட் தெ நொபிலி. தம்மைச் சேர்ந்தோர் சிலுவையின் அடியிற் பொங்கலிட அவர் இடமளித்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1623இல் உரோமை அவர் முறைகளுக்கு இசைவளித்தது. பின்னர் ‘மலபார்ச் சடங்குகள்’ பற்றிய பூசல் எழுந்தது. 1704இல் பாப்பரசரின் தூதுவர் தூர்னோன் விதித்த தடைகளும், 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பிறப்பித்த ஆணையும் அவ்வாயிலை அடைத்தன. மறைபரப்பாளர் எடுக்கவேண்டியிருந்த சத்தியப்பிரமாணம் 1940இலேயே நீக்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட வழிபாடு பற்றிய சாசனம் மக்களின் மரபுகளுக்கு மீண்டும் இடமளித்தது. ஆலய வளவிலே இன்று பால் பொங்குவதற்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டுகளின் வழக்கும் மறுவழக்கும் உள்ளன.

இம்மரபு பெருமைக்குரியதே. ஆயினும் மலையகத்தில் இதனை எடுத்தாள்வோர் கூறும் நியாயம் ஆராயற்பாலது. பொங்கல் சமயப் பண்டிகையன்று, தமிழரின் அறுவடை நன்றித் திருநாள் என்பர் அவர். இவ்விளக்கம் பெரிதும் இருபதாம் நூற்றாண்டிலே தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் வற்புறுத்தியதாகும். மலையக இளைஞரிடையே செல்வாக்குப் பெற்றிருந்த இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் போன்ற அமைப்புகளின் வழியே இத்தகைய கருத்துகள் தோட்டங்களையும் எட்டின. ஆலயம் இவ்விளக்கத்தை இரவல் பெற்றுள்ளது. இரவல் பெறுவதிற் குற்றமில்லை. ஆனால் ‘அறுவடை’ என்னும் சொல்லைத் தேயிலை மலையில் நின்று உச்சரிக்கும்போது அது எதனைக் குறிக்கின்றது என்பதே வினா.

தேயிலைக்கு நெல்லைப்போல் அறுவடைக் காலம் இல்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் ஏறத்தாழ வாரத்துக்கொரு முறை எடுக்கப்படுகின்றது; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை கவ்வாத்து வெட்டப்படுகின்றது. தை மாதமோ வரட்சியும் உறைபனியும் குளிர்காற்றும் உள்ள காலம். கொழுந்து குறையும், அதேவேளை ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளைப் பகுதித் தேயிலை நறுமணத்தாற் சிறந்து உயர்ந்த விலை பெறும். அவ்விலையின் பயன் கொழுந்தெடுத்தவளுக்கு உரியதன்று, அவளுக்குரியது நாட்சம்பளமே. பானையிலிடும் அரிசியும் அவள் வயலில் விளைந்ததன்று. பழைய நாளிலே தோட்டம் அரிசியைக் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்தது. 1973-74 ஆண்டுகளின் உணவு நெருக்கடியில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பொங்குவதற்கு அரிசியின்றியிருந்த அம்மக்களுக்கு, விளைச்சலுக்கு நன்றி கூறுக எனப் போதிப்பது எத்துணைப் பொருந்தும்?

முதற்பலனைக் காணிக்கையாக்கும் விவிலிய மரபைப் பொங்கலோடு ஒப்பிட்டுப் பிரசங்கிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஒப்பீடு தகும், ஆனால் அது முழுமையாகச் செய்யப்படல் வேண்டும். உபாகமத்தின் 26ஆம் அதிகாரத்திலே முதற்பலன் கூடையைக் கொணர்பவன் தன் வரலாற்றைச் சொல்லுமாறு பணிக்கப்படுகின்றான். தன் முன்னோன் அலைந்து திரிந்தவன் என்பதையும், தம்மவர் அந்நிய தேசத்தில் அடிமைகளாய் ஒடுக்கப்பட்டதையும், பின்னர் தமக்கெனத் தேசம் கிடைத்ததையும் கூறியே அவன் கனியைப் படைக்கின்றான். தோட்டத்துத் தொழிலாளி இவ்வரலாற்றின் முதலிரு பகுதிகளைத் தடையின்றிச் சொல்லலாம். மூன்றாம் பகுதியிலே அவன் நா எழாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரிலே செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் தலைவிதியைப் பிற்காலத்துக்கு ஒதுக்கியது. எஞ்சிய நாடற்றோரின் பிரசாவுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தீர்வு பெற்றது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் நிலம் கைமாறியது; லயத்திலிருந்தோர் கைக்கு வரவில்லை. அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச்சஸ் நிலத்தோடு வீடு பெற்றோர் உளர் எனினும், லயத்திலேயே வாழ்வோர் இன்றும் பலர். முதற்பலன் விழா நிலமுடையார் விழா. நிலமற்றோரிடையே அதனைக் கொண்டாடும் ஆலயம், அவ்விழாவின் உள்ளிருந்தே எழும் நிலக்கோரிக்கையைக் கேளாதிருத்தல் இயலாது.

இவ்விடத்து அலோசியஸ் பீரிஸ் அடிகளார் கருத்து நினைத்தற்குரியது. ஆசிய விடுதலை இறையியல் பற்றி 1988இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நூல், ஆசியாவின் சமயங்களை அதன் வறுமையினின்று பிரித்தெடுத்துத் திருச்சபைக்கு அணியாக்கும் முயற்சியைக் கடுமையாக வினவுகின்றது. பண்பாட்டுமயமாதலும் விடுதலையும் ஒன்றன்றி இரண்டல்ல என்பது அவர் துணிபு. 1972இல் கண்டியிலே போல் கஸ்பர்ஸ் அடிகளார் நிறுவிய சத்தியோதயம், தோட்டத்து மக்களின் வாழ்வுரிமையைத் தன் பணிக்களமாகக் கொண்டது. அப்பணியும் ஆலய வளவின் பொங்கற் பானையும் தனித்தனிப் பாதைகளிற் செல்லுமாயின், பானை வெறுங் காட்சிப்பொருளாகிவிடும்.

பண்பாட்டைத் தெரிந்தெடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. தோட்டத்து மக்கள் தம் உழைப்பிலிருந்தே வழிபாடுகளை ஆக்கிக்கொண்டவர்கள். தொழிற்சாலையின் ரோதையை முன்னிட்டு ரோதமுனியையும், கவ்வாத்து வெட்டுவதை முன்னிட்டுக் கவ்வாத்துச்சாமியையும் அவர்கள் வழிபட்டனர். மாசியிலே காமன் கூத்தாடினர். ஆலயம் இவற்றுள் எதனையும் நாடவில்லை. படித்தோரும் நகரத்தாரும் மதிக்கும் பொங்கலையே தேர்ந்தது. ரோதமுனியைப் பீடத்தில் ஏற்றவேண்டும் என்பது இதன் கருத்தன்று. அவ்வழிபாடுகளை ஆக்கிய அச்சமும் உழைப்பும் ஆலயத்தின் மன்றாட்டுகளில் இடம்பெற்றனவா என்பதே கேள்வி. நெல்லும் கரும்பும் பீடத்தண்டை வைக்கப்படும் அந்நாளில் ஒரு கூடைக் கொழுந்தும் வைக்கப்படாதிருப்பது, எவருடைய வாழ்வு அங்குக் காணிக்கையாகின்றது என்பதைக் காட்டிவிடுகின்றது.

இவ்வகையில் இலக்கியம் சமயத்துக்கு வழிகாட்டியுள்ளது. தோட்டமொன்றிற் பிறந்த கத்தோலிக்கரான தெளிவத்தை ஜோசப் (1934-2022) ‘காலங்கள் சாவதில்லை’ (1974) என்னும் நாவலையும் ‘நாமிருக்கும் நாடே’ (1979) என்னும் சிறுகதைத் தொகுதியையும் எழுதியபோது அவற்றை எவரும் கிறிஸ்தவ இலக்கியம் எனப் பிரித்துக் காணவில்லை. மலையக இலக்கியம் என்றே கண்டனர். லயத்து வாழ்வு ஒன்றாயிருந்தமையின் அதனைச் சொன்ன எழுத்தும் ஒன்றாயிற்று.

தோட்டத்திலே பொங்கல் உண்மையில் யாது? பெரட்டுக்குப் போகாத நாள். கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் ஊர் திரும்பும் நாள். பொங்கல் வைத்த தட்டு காம்பராவுக்குக் காம்பரா செல்லும் நாள். துரையின் நாட்காட்டிக்கு அமைந்து வாழும் மக்கள் தமக்கென ஒரு நாளைக் குறித்துக்கொள்ளும் செயல் அது. வயலும் மாடும் இன்றி மலையேறி வந்தபோதும் அதனை அவர்கள் விடாதிருந்தமைக்கு விளைச்சல் காரணமாயிருக்க முடியாது. தாம் யார் என்பதையும் தம் அயலார் யார் என்பதையும் ஆண்டுக்கொருமுறை உறுதிசெய்துகொள்ளும் தேவையே காரணமாதல் வேண்டும்.

ஆகவே ஒரு பண்டிகை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டபின், அது யாரை யாரோடு சேர்க்கின்றது, எதனைச் சொல்ல அவர்களுக்கு வாய் தருகின்றது என்பனவே அதனை மதிப்பிடும் அளவுகோல்களாகும். இவ்வளவுகோலின்படி, தட்டை மறுப்போர் மட்டுமன்றி, அயலாரை லயத்தில் விட்டு ஆலய வளவினுள் தனியே பொங்குவோரும் வினாவுக்கு உட்படுகின்றனர். ஒரு சாரார் மறுப்பாற் சுவரெழுப்புகின்றனர். மறு சாரார் விழாவாற் சுவரெழுப்புகின்றனர். முன்னர்க் காட்டிய உபாகம அதிகாரமே, கூடையைப் படைத்தவன் தன் நடுவிலுள்ள பரதேசியோடும் கூடிக் களிகூர்தல் வேண்டும் எனப் பணிக்கின்றது. அப்பணிப்பு ஆலயத்தினின்று லயத்துக்குத் திரும்பும் வழியைக் காட்டுகின்றது. திருப்பலி முடிந்ததும் பானை இஸ்தோப்புக்கு வருமாயின், அங்கு வைக்கப்படும் பொங்கலைச் சைவக் குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பமும் பகிர்வதற்குத் தடையில்லை. மூன்றாவது காம்பராவின் கதவு அன்று திறக்குமா என்பதைச் சொல்லவியலாது. அக்கதவைத் தட்டாது விடுவதற்கு மட்டும் எவருக்கும் நியாயமில்லை.